வார்னிஷ் அடிக்காத தகடு

இல்லீங்க தம்பி, இது தோசைக்கல் இல்லைங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. காந்திபுரத்துல ஏறும்போதே கண்டக்டர் கேட்டாரு. அவிநாசியில முன் சீட்டு அம்மணி திரும்பித் திரும்பிப் பாத்துட்டு அவிகளும் கேட்டாங்க. நட்டநடுவுல இப்படி ஓட்டை இருந்தா அது எப்படிங்க தோசைக்கல் ஆகும்? ஊத்துன மாவு அத்தனையும் அடுப்புக்குள்ள போயிருமில்ல.

நீங்க சன்னல் பக்கமே உக்காருங்க. எனக்கு வேடிக்கை பாக்கற பழக்கம் இல்லை. தகட்டை மடியில வெச்சுக்கறேன். மேல வைங்கன்னாரு கண்டக்டர், மேல வெச்சா யாராச்சும் மூட்டையை வெச்சு அமுக்கிருவாங்க. கீறல் விழுந்தாக்கூடப் பரவாயில்லை, நெளியக் கூடாது. தொட்டுப் பாக்கறதுன்னா ஓரத்துல தொடுங்க. வெறும் தகடு, மேல ஒண்ணும் பூசலை. கை வேர்வை பட்டா கறுத்துரும்.

நீங்க எது வரைக்கும்? ஓசூரா? நல்லதாப் போச்சு, நானும் ஓசூர்தான். பழமை பேசிட்டே போலாம்.

இது ஏரோப்ளேனுக்குப் போடற தகடுங்க. சிரிக்கறீங்க பாருங்க. சிரிங்க, தப்பில்லை. மரத்துல செஞ்ச ஏரோப்ளேன். நானே செஞ்சது. எங்க தோட்டத்துக் கொட்டாய்க்குள்ள நிக்குது.

நீங்க என்னன்னு ஒரு வார்த்தை கேட்டீங்க பாருங்க, அதுவே பெருசுங்க. என்னை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கறதில்லை. அதுதான் என்ற குறையே. ஊருக்குள்ள கேப்பாங்க, 'ஏனுங்க சென்னிமலையண்ணா, இன்னும் பறக்கலையா'ன்னு. அது கேள்வி இல்லைங்க, கிண்டல். டீக்கடையில ஒருத்தன், 'அண்ணா, நோம்பிக்கு ஊருக்குப் போகணும், டிக்கெட் போட்டு வைங்க'ங்கறான். நான் பதிலே சொல்றதில்லை. சொன்னா வாய் வளரும்.

சென்னிமலைங்கறது என்ற பேருங்க. சூலூர் தாண்டி உள்ளே போனா எங்க தோட்டம். மீசை மொளைக்கறதுக்கு முந்தியே பேட்டர்ன் கடையில உக்காந்தவன். பேட்டர்ன்னா என்னன்னு கேக்கறீங்களா? பம்பு, மோட்டாரு எல்லாம் இரும்பு ஊத்தறதுக்கு முந்தி அதே உருவத்துல மரத்துல ஒண்ணு செய்வாங்க. அதை மண்ணுல பதிச்சு எடுத்துட்டு, அந்தக் குழியில இரும்பை ஊத்துவாங்க. அந்த மரம் செய்யறதுதான் என்ற தொழில். வயசாச்சுன்னு கடையைப் பங்காளிகிட்ட உட்டுட்டு ஊட்டுல உக்காந்தா, சும்மா இருக்க முடியலைங்க. எங்க தோட்டத்து மேல காலையில இருந்து பொழுதோட வரைக்கும் ப்ளேன் போயிட்டே இருக்கும். ஒரு நாள் அண்ணாந்து பாத்துட்டே இருந்தப்ப, இதை மரத்துல செய்யலாமேன்னு தோணுச்சு. வெளிநாட்டுல அப்படிச் செய்யறாங்க, வரைபடமே விக்கறாங்க. வாங்கிப் பிரிச்சுப் பாத்தா, ஒரு பெரிய பேட்டர்ன், அவ்வளவுதான். அனுமதி வாங்குன கதை தனிங்க. அதைச் சொன்னா பஸ் பெங்களூர் போயிரும்.

சரி, தகடு. டிரான்ஸ்பாண்டர்னு ஒரு பொட்டி இருக்குது. கார்ல வெக்கற ரேடியோ அளவுதான். கீழே ராடார் இருக்குதில்லீங்க, அது சுத்திச் சுத்தி வானத்தைப் பாத்துக் கேட்டுட்டே இருக்கும். யாரு நீ? எவ்வளவு உயரத்துல இருக்கறே? அது கேட்டதும் நம்ம பொட்டி நான் இன்னாரு, இத்தனை உயரத்துல இருக்கறேன்னு நம்பரா பதில் சொல்லும். பதில் சொல்லும்போது அது முகத்துல ஒரு சின்ன விளக்கு மினுங்கும். கேள்வி வந்துச்சு, சொல்லியாச்சுன்னு நமக்குத் தெரியறதுக்கு. இந்தப் பொட்டி இல்லாம மேல விடமாட்டேன்னுட்டாங்க. எங்க பக்கம் வானத்துல கூட்டம் ஜாஸ்தி. கீழே இருக்கறவங்களுக்குத் தெரியாத வண்டியை எப்படி விடுவாங்க? நியாயம்தான்.

அந்தப் பொட்டிக்கு ஒரு குச்சி. விரல் நீளம் இருக்கும், ப்ளேன் வயித்துல கீழே பாத்துட்டு நிக்கும். குச்சி பாதிதாங்க. மீதிப் பாதி அது நிக்கற தகடு. தகரத்துல செஞ்ச ப்ளேனா இருந்தா உடம்பே போதும். நம்மது மரம். மரத்துல குச்சியை நட்டா அது ஒண்டியா நிக்கும், அது பேசறது எடுபடாது. அதனால உள்பக்கமா இந்த மாதிரி ஒரு தகடு வெச்சு, குச்சியோட அடிக்கட்டை அதைத் தொட்டுட்டே இருக்கற மாதிரி முடுக்கணும். கிரவுண்ட் பிளேன்னு அதுக்குப் பேரு. பாக்கறதுக்குத் தட்டுதான். ஆனா அது இல்லைன்னா குச்சி ஊமை.

ஓசூருக்கு எதுக்குன்னு கேட்டீங்களே. என்ற சம்சாரம் சௌந்தரம் அங்கதான் மக ஊட்டுல இருக்கறா. மேல விடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற ஆபீசருங்க வர்ற புதன்கிழமை ப்ளேனைப் பாக்க வர்றாங்க. அதுக்கு முந்தி டெஸ்ட்டு பண்ணணும். டெஸ்ட்டுப் பொட்டியைப் புடிச்சுட்டு வெளிய நிக்க ஒரு ஆள் வேணும். அதான் அவளைக் கூட்டிட்டு வரலாம்னு. வேலையைத் தவிர வேற ஒண்ணும் இல்லைங்க.

அவ இல்லாம அந்த ப்ளேனே இல்லைன்னு வெச்சுக்கங்க. மரத்தை ஒட்டறதுக்கு ரெண்டு கை போதாது. நான் பசை தடவிக் கட்டையைச் சேத்துப் புடிப்பேன், அவ கிளாம்ப்பை முறுக்குவா. அவ முறுக்குனா எல்லாம் ஒரே அளவா இருக்கும். நான் முறுக்குனா கடைசி ரெண்டை ஆத்திரத்துல இறுக்கிருவேன், பசை பூரா வெளிய வந்துரும். ரெக்கைக்குத் துணி போத்துனது அவதான். இஸ்திரிப் பொட்டி வெச்சுத் தேச்சுத் தேச்சு, ஒரு சுருக்கம் இருக்காது. என்ற சட்டைக்குக்கூட அப்படித் தேச்சதில்லை.

ரெண்டு பேரு போற ப்ளேன்னுதான் ஆரம்பிச்சதுங்க. அவளை ஸ்டூல்ல உக்கார வெச்சு அளவெடுத்துத்தான் பின் சீட்டைச் செஞ்சேன். அப்புறம் எஞ்சின் வந்துச்சு. எடைக் கணக்கு போட்டா ஒத்து வரலை. எதையாவது எடுத்தாகணும். சீட்டை எடுத்துட்டேன். அவ வந்து காலி எடத்தைப் பாத்தா. 'அப்ப நீங்க மட்டுமா?'ன்னு கேட்டா. 'எடை'ன்னேன். அதுக்கு மேல என்னத்தைச் சொல்றது, கணக்குதானே. உள்ளே போயிட்டா. சட்னி அரைக்கற சத்தம் கேட்டுது.

அப்புறம் மக பேறுகாலம்னு ஓசூருக்குப் போனா. கோகிலா எங்களுக்கு ஒரே மக. மாப்பிள்ளைக்கு அங்க கம்பெனியில வேலை. குழந்தைக்குக் கழுத்து நிக்கட்டும், வர்றேன்னா. அப்புறம் பல்லு முளைக்கட்டும்னா. அப்புறம் நடக்கட்டும், பேச்சு வரட்டும். இப்பப் பையன் பள்ளிக்கூடம் போறான். இன்னும் அவ இல்லாம அவிகளுக்கு முடியலை போல. இப்பத்த புள்ளைங்களுக்கு ஒரு குழந்தையைச் சமாளிக்கறதே மலையா இருக்குது.

பேரனா? நிதிலன்னு பேரு. ஒருக்காவோ ரெண்டுக்காவோ பாத்திருக்கறேன். எங்க பக்கம் அம்மாவோட அப்பனை அப்புச்சிம்பாங்க, அம்மாவோட அம்மாவை அம்மிச்சி. காது குத்தறப்ப தாய்மாமன் மடியில உக்கார வெக்கணும். எங்களுக்கு ஒரே மக, மாமன் இல்லை. அப்புச்சி மடிதான்னு முடிவு பண்ணி நாள் குறிச்சுட்டாங்க. அன்னைக்குன்னு பாத்து வால் ஒட்டற நாளாப் போச்சு. ஒட்டு வெச்சா பாதியில விடக்கூடாதுங்க, விட்டா அத்தனை மரமும் வீண். மாப்பிள்ளையோட தம்பி மடியில உக்கார வெச்சுக் குத்திட்டாங்களாம். காது காதுதானே, எந்த மடியில குத்துனா என்ன?

ஒண்ணும் செய்யலைன்னு சொல்ல முடியாது. மரத்துல குட்டியா ஒரு ஏரோப்ளேன் செஞ்சு பார்சல்ல அனுப்புனேன். ரெக்கை, வால், உருண்டு போறதுக்குச் சக்கரம், எல்லாம் அளவு தப்பாம. குழந்தை வாயில வெப்பான், வார்னிஷ் ஆகாதுன்னு பீரோ மேல வெச்சுட்டாளாம் கோகிலா. இன்னும் அங்கதான் இருக்கும்.

பவானி தாண்டியாச்சுங்களா? சரி.

சௌந்தரம் போன் பண்ணுவாளுங்க. பொழுதோட பண்ணுவா. அந்த நேரம்தான் நான் பசை கலந்திருப்பேன். வெயில் தணிஞ்சாத்தான் கலக்க முடியும், இல்லைன்னா டப்பாவுக்குள்ளயே இறுகிரும். கலந்துட்டா அது குடுக்கற கெடுவுக்குள்ள ஒட்டியாகணும். கை பூரா பசை. எப்படிங்க போனை எடுக்கறது? பெஞ்சு மேல கெடந்து அடிக்கும், வெளிச்சம் மினுங்கும். எட்டிப் பாப்பேன். சௌந்தரம்னு பேரு வரும். சரி, அவ நல்லாத்தான் இருக்கறான்னு நெனச்சுக்குவேன். நான் பாத்தது அவளுக்குத் தெரியாமயா இருக்கும்? இத்தனை வருசம் குடும்பம் நடத்தியிருக்கறோம்.

திருப்பிப் பண்ணலாம்தான். தின்னர் போட்டுக் கையைத் துடைச்சு, சோறு வடிச்சுத் தின்னு முடிக்கறதுக்குள்ள கண்ணு சொருகிரும். நாளைக்குப் பேசலாம்னு விட்டுருவேன். இப்பக் கொஞ்ச நாளா அவளும் பண்றதில்லை. நான் முதல்லயே சொன்னனில்லீங்க, ஒருத்தரும் நம்மளைக் கேக்கறதில்லைன்னு.

இருதயராஜும் அப்படித்தான். அவரைச் சொல்லலையே உங்களுக்கு. பட்டாளத்துல ரேடியோ பாத்துட்டு ரிட்டயர் ஆயி இருகூர்ல இருக்கறாரு. பொன்னான மனுசன். அவரு இல்லைன்னா என்ற ப்ளேன்ல ஒரு ஒயர் ஓடியிருக்காது. இந்தக் குச்சியை எங்க வெக்கறதுன்னு பேசுனப்ப, என்ற சீட்டுக்கு அடியில வெக்கலாம்னேன். 'ஐயோ, வேண்டாமுங்க. அது அலை வீசற சாமான், நேர் கீழே வெச்சா உங்க சந்ததிக்கு ஆகாது'ன்னாரு. 'இனிமே எனக்கு என்னங்க சந்ததி'ன்னேன். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். நான் கடைசியா அப்படிச் சிரிச்சது அன்னைக்குத்தான். அப்புறம் பின்னாடி, சௌந்தரத்தோட சீட்டு இருந்த எடத்துல வெச்சோம். அங்க எடம் சும்மாதான் கெடந்துச்சு.

தகட்டை நான்தான் வெட்டுனேன். இது இல்லைங்க, இதுக்கு முந்தி ஒண்ணு. வெட்டி, ரெண்டு பக்கமும் வார்னிஷ் அடிச்சு, காய வெச்சு, மரத்தோட ஒட்டி, குச்சியை முடுக்குனேன்.

ஏன் அடிச்சேன்னு கேக்கறீங்க. இருதயராஜும் அதைத்தான் கேட்டாரு. எங்க தொழில்ல வார்னிஷ் அடிக்காத ஒரு சாமானும் கடையை விட்டு வெளிய போகாதுங்க. வெறும் மரத்தை மண்ணுல வெச்சா ஈரம் குடிச்சு உப்பிரும், அளவு போயிரும். அதனால எதைச் செஞ்சாலும் கடைசியில கை தானா வார்னிஷ் டப்பாவுக்குப் போயிரும். ஊட்டுல ஸ்டூலு, மத்து, அருவாமனைக் கட்டை, எல்லாத்துக்கும் அடிச்சிருக்கறேன். கல்யாணம் ஆன புதுசுல அவ சப்பாத்திக் கட்டைக்கு அடிச்சுட்டேன். ரொம்ப நாளைக்குச் சப்பாத்தி பூரா வார்னிஷ் வாசம். அவ அப்பெல்லாம் நல்லாத் திட்டுவா.

டெஸ்ட்டுப் பொட்டின்னு சொன்னனில்லீங்க, அது கையில புடிக்கற சாமான். ராடார் மாதிரியே கேள்வி கேக்கும். நம்ம பொட்டி சொல்ற பதில் எவ்வளவு பலமா வருதுன்னு அதுல முள்ளு காட்டும். இருதயராஜ் யாருகிட்டயோ கேட்டு வாங்கிட்டு வந்தாரு. ப்ளேனைக் கொட்டாய்க்கு வெளிய தள்ளி நிறுத்திட்டு, அவரு சோளக்காட்டு வேலி ஓரம் போய் நின்னாரு. நான் ப்ளேனுக்குள்ள. அவரு பொத்தானை அமுக்குனாரு. எனக்கு உள்ளே விளக்கு மினுங்குதுங்க! சந்தோசம் தாங்கலை. 'வருதுங்களா?'ன்னு கத்தறேன். 'ஒண்ணும் வரலை'ங்கறாரு. 'விளக்கு எரியுதுங்களே'ங்கறேன். 'உங்களுக்கு எரிஞ்சு என்ன பண்ண? எனக்கு வரணுமில்ல'ங்கறாரு.

வந்து குனிஞ்சு பாத்தாரு. நகத்துல சுரண்டுனாரு. 'என்னங்க இது, வார்னிஷா? நடுவுல இதை வெச்சுட்டா குச்சி எப்படிங்க தகட்டைத் தொடும்? ரெண்டும் ஒட்டிட்டு நிக்குது, ஆனா தொடவே இல்லை. சுரண்டுங்க'ன்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அடிச்ச வார்னிஷை நான் சுரண்டுனதே இல்லைங்க. அவரு சுரண்டுன எடத்தைத் துணியில துடைச்சேன். 'கேக்குதுங்களா?'ன்னாரு. கேட்டுட்டுத்தான் இருந்தேன். அடுத்த வாரம் வந்தாரு, அப்படியே இருந்துச்சு. அதுக்கு அடுத்த வாரமும் வந்தாரு. 'ஏனுங்க, மேல இன்னொரு கோட்டு வேற அடிச்சிருக்கறீங்க!'ன்னாரு. ஆமாங்க. ஓரத்துல கொஞ்சம் விட்டுப் போயிருந்துச்சு.

அன்னைக்கு ஒண்ணு சொன்னாரு. 'உள்ளே விளக்கு மட்டும் நல்லா எரியுது, பதில் வெளிய வர்றதில்லை. செஞ்ச ஆளு மாதிரியேதான் இருக்குது'ன்னாரு. பாராட்டறாருன்னு நெனச்சு 'சந்தோசமுங்க'ன்னேன். எங்க தொழில்ல அப்படிச் சொல்லுவாங்க, செஞ்சவன் கை சாமான்ல தெரியும்னு. அவரு டெஸ்ட்டுப் பொட்டியை ஸ்டூல் மேல வெச்சாரு, வண்டியை எடுத்தாரு, போயிட்டாரு. அப்புறம் வரவே இல்லை. என்ன கோவம்னு இன்னைக்கு வரைக்கும் புரியலைங்க. போன் பண்ணிக் கேக்கலாம். அவரு பண்ணட்டும்னு இருக்கறேன்.

சேலத்துல வண்டி நின்னப்ப நீங்க எறங்கி டீ குடிச்சிருக்கலாம். என்ற பேச்சுல விட்டுட்டீங்க.

அப்புறம் மழைக்காலம் பூரா ஒண்டிதாங்க. தகரக் கொட்டாய், மழை பெஞ்சா காது அடைச்சுக்கும். அதுகூடத் தேவலை. மழை நின்னாத்தான் கஷ்டம். ஊட்டுக்குள்ள ஒரு சத்தம் இருக்காது. டி.வி. போட்டா அதுல பேசறவங்க நம்மகிட்டயா பேசறாங்க? ஒருநாள் காலையில பால்காரர் வந்தாரு. 'வாங்க'ன்னு சொல்ல வாயைத் தொறக்கறேன், சத்தமே வரலை. தொண்டை கட்டிக் கெடக்குது. யோசிச்சுப் பாத்தா, முந்தாநேத்துல இருந்து நான் வாயே தொறக்கலைங்க. பேசறதுக்கு ஆளில்லைன்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியவே இல்லை. பயந்துட்டேன். அன்னைக்கு அவரைப் புடிச்சு நிறுத்தி மாட்டைப் பத்தி, தீவனத்தைப் பத்தி என்னென்னமோ கேட்டேன். பாவம், அவரு மத்த ஊட்டுக்குப் போகணும்.

அப்பத்தான் ஆபீசுல இருந்து சொல்லியனுப்புனாங்க, புதன்கிழமை வர்றோம்னு. முள்ளு ஏறுனா மேல விடுவாங்க. ஏறலைன்னா ரெக்கையைக் கழட்டிக் கோழிக்கூண்டு செஞ்சுக்க வேண்டியதுதான். வேற வழியில்லை. நேத்துச் சுரண்ட உக்காந்துட்டேன். சுரண்டுனா தகடே மரத்தோட ஒட்டிட்டு அசையமாட்டேங்குது. உளியை வெச்சு நெம்புனேன், நெளிஞ்சு ஓட்டை வாய் கிழிஞ்சு போச்சு. இத்தனை வருசத்துல நான் கெடுத்த முதல் சாமான் அது.

சரி, தற்காலிகமா எதையாவது வெச்சுப் பாப்போம்னு சமையல்கட்டுக்குப் போனேன். சௌந்தரத்தோட சோத்துக் குண்டா மூடி சுவத்துல சாஞ்சு நின்னுச்சு. அலுமினியம். மேல ஒண்ணும் பூசாத வெறும் மூடி. அந்த ஊட்டுல நான் வார்னிஷ் டப்பாவோட போகாத எடம் அது ஒண்ணுதான் போல. மேல இருக்கற குமிழைக் கழட்டுனா நடுவுல ஓட்டை தயாரா இருக்குது. குச்சி அதுல கச்சிதமா உக்காந்துருச்சு.

பொத்தானை அமுக்கிப் புடிக்க ஆளில்லை. டெஸ்ட்டுப் பொட்டியை வேலி ஓரம் ஸ்டூல் மேல வெச்சு, பொத்தான் மேல ரப்பர் பேண்டைச் சுத்துனேன். ப்ளேனுக்குள்ள போய் டிரான்ஸ்பாண்டரைப் போட்டுட்டு, எறங்கி ஓடுனேன். ஓடிப்போய்ப் பாத்தா, முள்ளு ஏறி நிக்குதுங்க. அசையாம நிக்குது.

என்ன கேட்டீங்க? அப்ப ஆள் எதுக்குன்னா? ரப்பர் பேண்டே போதுமேங்கறீங்க.

ஆமாங்க. ரப்பர் பேண்டு போதும்.

முள்ளைப் பாத்தனுங்க. 'வருது, வருது'ன்னு கத்துனேன். தொண்டை கிழியக் கத்துனேன். யாரைப் பாத்துக் கத்துனேன்னு கேளுங்க. ப்ளேனைப் பாத்து. ப்ளேனுக்குள்ள ஆரு இருக்கறா? ஒருத்தரும் இல்லை. நான்தான் இங்க நிக்கறனே. அங்கயே வரப்பு மேல உக்காந்துட்டேன். அழுதேன்னு வெச்சுக்கங்களேன். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, ஓசூர்ல எறங்குனா நீங்க யாரோ நான் யாரோ.

இன்னைக்குக் காலையில காந்திபுரத்துக்குப் பக்கத்துல கணபதிங்கற எடத்துல ஒரு லேத்துப் பட்டறையில குடுத்து, அந்த மூடி அளவுக்கே இதை வெட்டி வாங்குனேன். மூடியை அவளுக்குத் திருப்பிக் குமிழ் போட்டுக் குடுக்கணுமில்ல, இல்லைன்னா சத்தம் போடுவா. தகட்டை வாங்கிட்டு ஊட்டுக்குப் போற பஸ்ஸுக்குத்தான் நின்னனுங்க. ஊட்டுக்குப் போனா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். வார்னிஷ் டப்பா பெஞ்சு மேலயே இருக்குது, கை சும்மா இருக்காது. ஓசூர் வண்டி வந்து முன்னாடி நின்னுச்சு. ஏறிட்டேன். மாத்துத் துணிகூடக் கொண்டாரலை.

அவளுக்குச் சொல்லலைங்க. எதுக்குச் சொல்லணும்? நேர்ல போய் நின்னா வராமயா போயிருவா? புதன்கிழமை ஆபீசருங்க வர்றாங்க, முள்ளு ஏறுது, நீ வந்து பாருன்னு சொன்னாப் போதாதா? போதாதுங்கறீங்களா? நீங்க என்னங்க, இருதயராஜ் மாதிரியே பேசறீங்க.

இப்பவா? பஸ்ஸுலயா? எல்லாரும் கேப்பாங்களே. சரி, சரி, பண்றேன். நீங்க சொல்றதுக்காகப் பண்றேன். இந்தத் தகட்டைச் சித்த புடிங்க. ஓரத்துல, ஓரத்துல புடிங்க. ஆங், அப்படித்தான்.

அடிக்குதுங்க.

அடிச்சுட்டே இருக்குது.

எடுக்கலை. ஏதாச்சும் கைவேலையா இருப்பா. என்ற பேரு வந்திருக்கும், பாத்திருப்பா. பாத்தாப் போதாதுங்களா? எடுக்கலாமில்ல? அவ கையில என்ன பசையா இருக்குது?

என்னங்க அப்படிப் பாக்கறீங்க?

சரிங்க. மறுபடியும் பண்றேன்.

அலோ? அலோ! சௌந்தரா... ஆரு, நிதிலனா? கண்ணு, நாந்தான். நாந்தான் கண்ணு. தம்பி, 'நாந்தான்னா யாரு'ன்னு கேக்கறானுங்க. குரல் எவ்வளவு தெளிவா இருக்குது பாருங்க. அப்புச்சி, கண்ணு. அப்புச்சி பேசறேன். சூலூர் அப்புச்சி. ஏரோப்ளேன் அனுப்புனனே, அந்த அப்புச்சி. அம்மிச்சி இருக்கறாளா? குடு, குடு.

உள்ளே பாத்துக் கத்தறானுங்க. 'அம்மிச்சி, யாரோ அப்புச்சியாம்'ங்கறான்.

யாரோ அப்புச்சியாம்.

இருங்க. செருப்புச் சத்தம் கேக்குது. அவ நடக்கற சத்தம்தான். நின்னுட்டா. வாங்கிட்டாளாட்ட இருக்குது, மூச்சு கேக்குது.

ம். நாந்தான். இல்லை, உடம்புக்கு ஒண்ணுமில்லை. நல்லாத்தான் இருக்கறேன். ஊட்டுல இல்லை, வெளிய இருக்கறேன். கேக்குது புள்ள, நல்லாக் கேக்குது. எங்கயா? இரு, சொல்றேன். வெச்சுராத. சொல்றேன்.

தம்பி, 'எங்கீங்க இருக்கறீங்க'ன்னு கேக்கறாளுங்க. இது எந்த ஊருங்க? ஒரே பாலமும் குடோனுமாத் தெரியுது. நீங்க சன்னல் பக்கம்தானே இருக்கறீங்க, போர்டைப் பாத்துச் சொல்லுங்க. சீக்கிரமுங்க, வெச்சுருவா.